நிழல்னா ஷேடா, ஷேடோவா? ஒரே மாதிரி தெரியுற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரிச்சுப் பாக்குறது எப்படி

மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல பஸ் ஸ்டாப்ல நிக்கிறீங்க, பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்கு, "வாங்க, நிழல்ல நிப்போம்"னு கூட வந்தவங்க கூப்பிடுறாங்க. மரத்தடிக்கு நடந்து போற அந்த பத்து அடியில உங்க நிழலும் காலுக்குக் கீழயே குட்டையா ஒட்டிக்கிட்டு வருது. தமிழ்ல ரெண்டும் நிழல்தான், அதுல யாருக்கும் குழப்பம் வந்ததே இல்ல. இங்கிலீஷ்ல மரத்தடியில இருக்கது 'ஷேட்', உங்க கூட நடந்து வர்றது 'ஷேடோ'. ஷேட்ங்கிறது வெயில் படாத இடம், அதுக்குள்ள போய் உக்காரலாம், பாய் விரிச்சுப் படுக்கலாம், அதோட ஓரம் எங்க முடியுதுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. ஷேடோவுக்கு உருவம் உண்டு, ஏதோ ஒரு பொருள் வெளிச்சத்தை மறைச்சதால விழுந்த வடிவம் அது, தலை கை கால் எல்லாம் தெரியும். மரத்தோட ஷேடோன்னும் எழுதலாம், தப்பே இல்ல, ஆனா அப்ப படிக்கிறவங்க கண்ணுக்கு வர்றது தரையில விழுந்த கிளையும் இலையுமான அந்த வடிவம், ஷேட்னு எழுதுனா வெயில்லேர்ந்து தப்பிச்ச அந்த குளுமை.

நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான். ஒரு தமிழ் வார்த்தைக்கு நேரா ரெண்டு மூணு இங்கிலீஷ் வார்த்தை வந்து நிக்குதுன்னா அந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா நாம ஒரே பையில போட்டு வச்சிருக்கதை அவங்க தனித்தனி டப்பாவுல பிரிச்சு வச்சிருக்காங்க. ஸ்கூல்ல நாங்க அர்த்தம் படிச்சது எல்லாம் நோட்ல நடுவுல ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தை அந்தப் பக்கம் தமிழ் வார்த்தை. அந்த கோடு போட்ட நோட்டு பரீட்சைக்கு உதவும், ஆனா எந்த வார்த்தையை எங்க போடணும்னு அதுல இருக்காது.

எனக்கு இது உறைச்சது முதல் வேலையில சேந்து மூணாவது மாசம். லண்டன்ல இருந்த ஒரு சீனியர் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தார், அதுல ஒரு கணக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியல, கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் ரிப்போர்ட்"னு மெயில் போட்டேன். நம்ம ஊர்ல சந்தேகம் கேக்குறதுன்னா அது வாத்தியாருக்கு சந்தோஷம், பையன் ஒழுங்கா கவனிச்சிருக்கான்னு அர்த்தம். அவர் அன்னைக்கு சாயங்காலமே ஒவ்வொரு நம்பருக்கும் ஆதாரம் வச்சு நீளமா ஒரு பதில் அனுப்புனார், கடைசியில ரொம்ப மரியாதையா, எந்த இடம் நம்புற மாதிரி இல்லைன்னு சொன்னா சரிபாத்துடுறேன்னு எழுதியிருந்தார். அவர் கணக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு நான் சொன்னதா அவர் எடுத்துக்கிட்டிருக்கார். 'டவுட்'னா அங்க அவநம்பிக்கை, இது உண்மையா இருக்காதோங்கிற நெனப்பு. நமக்கு சந்தேகம்ங்கிற ஒரே வார்த்தையில புரியாததைக் கேக்குறதும் இருக்கு, ஒருத்தரை சந்தேகப்படுறதும் இருக்கு, நான் முதல் அர்த்தத்துல அனுப்புனது அவருக்கு ரெண்டாவது அர்த்தத்துல போய்ச் சேந்துச்சு. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னு எழுதியிருந்தா ரெண்டே வரியில முடிஞ்சிருக்கும். நம்ம நாட்டுக்குள்ள எல்லாரும் டவுட்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க, இந்திய இங்கிலீஷ்ல அது நல்லாவே ஊறிப்போச்சு, அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். யாருக்கு எழுதுறோம்ங்கிறதை மட்டும் பாத்துக்கணும்.

இந்த மாதிரி பை வார்த்தைகள் தமிழ்ல நிறைய இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ரொம்பப் பேரை தடுக்கி விடுறது 'மறுப்பு'. பேப்பர்ல தெனம் வர்ற வார்த்தை. குற்றச்சாட்டை மறுத்தார், பதில் சொல்ல மறுத்தார், அழைப்பை மறுத்தார், அனுமதி மறுக்கப்பட்டது. இதை இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா பாதிப் பேர் எல்லாத்துக்கும் 'ரெஃப்யூஸ்' போட்டுடுவாங்க. ரெஃப்யூஸ்ங்கிறது செய்ய மாட்டேன்னு சொல்றது. உங்கிட்ட ஒண்ணு கேக்குறாங்க, முடியாதுங்கிற, அவ்வளவுதான். 'டினை'ங்கிறது வேற, அது நடக்கவே இல்லைன்னு சொல்றது. ஒருத்தர் லஞ்சத்தை ரெஃப்யூஸ் பண்ணார்னா, நீட்டுன பணத்தை வேணாம்னு தள்ளிட்டார், நேர்மையான மனுஷன். லஞ்சம் வாங்குனதை டினை பண்ணார்னா, அவர் மேல புகார் வந்திருக்கு, நான் வாங்கலைன்னு சொல்றார், உண்மை என்னன்னு நமக்குத் தெரியாது. ஒரு வார்த்தை மாறுனா ஒரு மனுஷனோட பேரே மாறிப்போகுது பாருங்க, தமிழ்ல ரெண்டு இடத்துலயும் மறுத்தார்னு வந்தாலும் லஞ்சம் வாங்க மறுத்தார், வாங்கியதை மறுத்தார்னு பக்கத்துல இருக்க வினைச்சொல்லை வச்சு நாம பிரிச்சுக்குறோம், அந்த வேலையை இங்கிலீஷ் வார்த்தைக்குள்ளயே வச்சிருக்கு. அனுமதி, உள்ள நுழையுறது, ஒருத்தருக்குச் சேரவேண்டிய உரிமை, இதெல்லாம் குடுக்காம விட்டாலும் டினைதான். அப்புறம் 'ரிஜெக்ட்' இருக்கு, அது எடுத்துப் பாத்துட்டு இது சரியில்லைன்னு ஒதுக்குறது, அப்ளிகேஷன், லோன், ஒரு யோசனை இதெல்லாம் ரிஜெக்ட் ஆகும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்க, வர முடியல, அதை ரிஜெக்ட் பண்ணேன்னு எழுதிடாதீங்க, கூப்பிட்டவங்க முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும். அதுக்கு 'டிக்லைன்', கையைக் கூப்பிக்கிட்டு இந்த தடவை மன்னிச்சுக்கங்கன்னு சொல்ற மாதிரியான வார்த்தை. நிருபர் மைக்கை நீட்டும்போது ஒண்ணும் சொல்லாம போன அதிகாரியைப் பத்தி எழுதும்போதும் பேப்பர்ல 'டிக்லைண்ட் டு காமென்ட்'னுதான் போடுவாங்க, அவர் பதில் சொல்லலைங்கிற தகவல் மட்டும் இருக்கும், அவர் திமிரா நடந்துக்கிட்டார்ங்கிற வாசனை வராது.

அடுத்தது 'நம்பிக்கை'. இது இன்னும் பெரிய பை. நாளைக்கு மழை வரும்னு நம்புறேன், நீ சொல்றதை நம்புறேன், உன்னை நம்புறேன், கடவுளை நம்புறேன், என்னால முடியும்ங்கிற நம்பிக்கை இருக்கு. அஞ்சும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில போகாது. மழை வரணும்னு ஆசையோட காத்துக்கிட்டு இருக்கது 'ஹோப்'. நீ சொன்ன விஷயம் உண்மைன்னு ஏத்துக்கிறது 'பிலீவ்'. உன்கிட்ட வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு நிம்மதியா ஊருக்குப் போறது 'ட்ரஸ்ட்'. கடவுள் இருக்கார்னு நம்புறதுக்கு பிலீவ் பக்கத்துல 'இன்' சேரணும், 'பிலீவ் இன்', அந்த ஆழமான நம்பிக்கையோட பேரு 'ஃபெய்த்'. என்னால முடியும்ங்கிறது 'கான்ஃபிடன்ஸ்'. பிலீவுக்கும் ட்ரஸ்டுக்கும் இருக்க தூரத்தைப் பாக்கணும்னா ஒரு ஆளை நெனச்சுக்கங்க, கடன் வாங்குன பணத்தை இன்னைக்குத் தர முடியல, உண்மையாவே சம்பளம் வரலைன்னு சொல்றார், அது நெஜம்னு உங்களுக்கும் தெரியும், அவரை பிலீவ் பண்றீங்க. ஆனா இதுக்கு முன்னாடி நாலு தடவை இழுத்தடிச்சவர், அதனால மறுபடி பணம் குடுக்க மாட்டீங்க, அவரை ட்ரஸ்ட் பண்ணல. பிலீவ் அந்த ஒரு பேச்சோட நின்னுடும், ட்ரஸ்ட் ஆளோட குணத்து மேல வைக்கிறது.

இதுகூடயே வர்ற இன்னொரு ஆள் 'எக்ஸ்பெக்ட்'. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்னு தமிழ் லெட்டர்ல எழுதுனா மரியாதைதான். அதையே "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை"ன்னு மெயில்ல போட்டா, மேலதிகாரி கீழ இருக்கவங்களுக்கு ஆர்டர் போடுற தொனி வந்துடும், சாயங்காலத்துக்குள்ள பதில் வந்தே ஆகணும்ங்கிற மாதிரி. வேலைக்கு விண்ணப்பம் போடுறவங்க இதைக் கண்டிப்பா மாத்திக்கணும், 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'ன்னு எழுதுங்க, ஆவலோட காத்துக்கிட்டிருக்கேன்னு போய்ச் சேரும்.

சில ஜோடிகளை சட்டுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். 'படிக்கிறேன்'ங்கிறதுல ரீடும் இருக்கு ஸ்டடியும் இருக்கு, பேப்பர் ரீட் பண்ணுவோம், பத்தாங்கிளாஸ் ஸ்டடி பண்ணுவோம். திருடுன பொருள் பக்கத்துல வந்தா 'ஸ்டீல்', பறிகொடுத்த ஆளோ இடமோ பக்கத்துல வந்தா 'ராப்', பர்ஸை ஸ்டீல் பண்ணுவாங்க, பேங்க்கை ராப் பண்ணுவாங்க, பேங்க்கை ஸ்டீல் பண்ணாங்கன்னா கட்டடத்தையே தூக்கிட்டுப் போன மாதிரி ஆயிடும். 'எகனாமிக்'னா பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, 'எகனாமிக்கல்'னா சிக்கனமானது. காயம் ஆக்சிடென்ட்ல பட்டா 'இஞ்சர்ட்', கத்தி துப்பாக்கின்னு ஆயுதத்தால பட்டா 'வூண்டட்'.

சரி, இதுவரைக்கும் பாத்ததெல்லாம் அர்த்தமே கொஞ்சம் தள்ளி இருக்க வார்த்தைகள். அர்த்தம் அப்படியே ஒண்ணா இருந்தும் வாசனை மட்டும் மாறுற வார்த்தைகள் இருக்கு, அங்கதான் டிக்‌ஷனரி கைவிட்டுடும். ஒரு பொண்ணு ஒல்லியா இருக்கா. 'ஸ்லிம்'னா பாராட்டு. 'தின்'னா சும்மா தகவல், சில சமயம் உடம்புக்கு என்னங்கிற கவலையும் தொனிக்கும். 'ஸ்கின்னி'ன்னா எலும்பும் தோலுமா இருக்கான்னு குத்துறது. எடை மெஷின்ல மூணு பேரும் ஒரே எடைதான், மாறுனது பேசுறவங்க மனசு. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்னு ஒரு தத்துவ அறிஞர், 1948ல பிபிசி ரேடியோ நிகழ்ச்சி ஒண்ணுல இதை ஒரே வரியில காட்டிட்டார். நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் வீம்பு புடிச்ச முட்டாள். மூணு பேரும் செய்யுறது ஒண்ணுதான், பிடிச்ச பிடியை விடல. இங்கிலீஷ்ல அந்த மூணும் 'ஃபர்ம்', 'ஆப்ஸ்டினேட்', அப்புறம் பன்னியோட தலையை வச்சுச் சொல்ற 'பிக்ஹெடட்'. ரெண்டு மூணு வார்த்தை கையில இருக்கும்போது இது யாரைப் பத்தி, நான் அவங்க பக்கமா எதிர்ப்பக்கமான்னு கேட்டுப் பாருங்க, பாதி வேலை முடிஞ்சிடும்.

இது நமக்குப் புதுசு இல்லைங்கிறதையும் சொல்லணும். மாடு செத்துருச்சு, தாத்தா தவறிட்டார், தலைவர் காலமானார், இதை எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லித் தரல, ஆனா தாத்தா செத்துருச்சுன்னு எந்தக் குழந்தை சொன்னாலும் வீட்டுல அதட்டுவாங்க. தொல்காப்பியத்துல ஒரு இடம் இருக்கு, ஈ, தா, கொடுன்னு மூணு வார்த்தை, மூணும் கேக்குறதுக்குத்தான், ஆனா ஈன்னு கேட்டா கேக்குறவர் குடுக்கப் போறவரை விடத் தாழ்ந்தவர், தான்னு கேட்டா சமமானவர், கொடுன்னு கேட்டா உயர்ந்தவர்னு தெளிவா பிரிச்சு வச்சிருக்கு. பொருள் ஒண்ணு, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்க உறவு வேறன்னா வார்த்தையும் வேற. அந்தக் காது நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, இங்கிலீஷ்லயும் அந்தக் காதைத் தீட்டிக்கிட்டா போதும். செத்துருச்சு, தவறிட்டார்ங்கிற அதே வித்தியாசம்தான் 'டை'க்கும் 'பாஸ் அவே'க்கும், தொட்டியில இருந்த செடி வாடிப்போனா அது டை ஆகும், பாஸ் அவே ஆகாது.

இங்கிலீஷ்ல இந்த மாதிரி அடுக்கடுக்கா வார்த்தை சேந்ததுக்கு ஒரு வரலாறு இருக்கு, இதைத் தெரிஞ்சுக்கிட்டா நூத்துக்கணக்கான ஜோடி தானா புரியும். 1066ல பிரான்ஸோட நார்மண்டிலேர்ந்து வந்த வில்லியம், ஹேஸ்டிங்ஸ்ங்கிற இடத்துல நடந்த சண்டையில ஜெயிச்சு இங்கிலாந்துக்கு ராஜா ஆனார். அரண்மனை, கோர்ட்டு, பெரிய குடும்பம் எல்லாம் பிரெஞ்சு பேச ஆரம்பிச்சுது, சர்ச்சுலயும் படிப்புலயும் லத்தீன், வயல்ல வேலை பாத்த ஜனங்க பழைய இங்கிலீஷையே பேசிக்கிட்டு இருந்தாங்க. கோர்ட்டுல இங்கிலீஷ்ல வாதாடலாம்னு சட்டம் வந்ததே 1362லதான், முந்நூறு வருஷம் ஆச்சு. அதனால ஒரே விஷயத்துக்கு மூணு மாடி வார்த்தை நின்னுபோச்சு. கேக்குறதுக்கு 'ஆஸ்க்', இது பழைய இங்கிலீஷ், திண்ணையில உக்காந்து கேக்குறது. 'கொஸ்டின்' பண்றதுங்கிறது பிரெஞ்சு வழியா வந்தது, கொஞ்சம் கறாரா நிக்க வச்சுக் கேக்குறது. 'இன்டராகேட்' லத்தீன், போலீஸ் ஸ்டேஷன்ல நடக்கும். ஆரம்பிக்கிறதுக்கு 'பிகின்' வீட்டு வார்த்தை, 'கமென்ஸ்' அழைப்பிதழ்லயும் ஆபீஸ் சர்க்குலர்லயும் வரும். தட்டுலயும் இது தெரியும், தொழுவத்துல நிக்கிற வரைக்கும் மேய்க்கிறவனோட இங்கிலீஷ்ல 'கவ்', 'பிக்', 'ஷீப்', சமைச்சு மேஜைக்கு வந்ததும் சாப்பிடுறவனோட பிரெஞ்சுல 'பீஃப்', 'போர்க்', 'மட்டன்'. அங்க மட்டன்னா செம்மறி, நம்ம கடையில மட்டன்னு கேட்டா பெரும்பாலும் வெள்ளாடுதான் வெட்டித் தருவாங்க. பொதுவா சின்னதா, ஒரு அசையில முடியுற வார்த்தை பழைய இங்கிலீஷா இருக்கும், மனசுக்குப் பக்கத்துல இருக்கும், நீளமானது பிரெஞ்சோ லத்தீனோ, சட்டை பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு இருக்கும். எல்லா இடத்துலயும் இது செல்லாது, ஆனா யாருக்காவது ஆறுதல் சொல்லும்போதோ மன்னிப்பு கேக்கும்போதோ நீளமான வார்த்தையைத் தேடாதீங்க, 'ஐ ஆம் சாரி'ங்கிறது உள்ள போகும், 'ஐ ரிக்ரெட்'ங்கிறது கம்பெனி லெட்டர் மாதிரி வெளியவே நின்னுடும்.

இப்ப கடைசியா ஒரு வகை, இதுக்கு அர்த்தத்தால காரணமே சொல்ல முடியாது, பழக்கம்தான். தமிழ்ல 'கடும்'னு ஒரு வார்த்தையை எடுத்துக்கங்க, எது பக்கத்துல வேணா போய் நிக்கும். கடும் உழைப்பு, கடும் மழை, கடும் காய்ச்சல், கடும் போட்டி, கடும் நடவடிக்கை, கடும் தண்டனை. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி துணை. உழைப்புன்னா 'ஹார்ட்', மழைன்னா 'ஹெவி', காய்ச்சல்னா 'ஹை', போட்டின்னா 'டஃப்', இல்லைன்னா 'ஸ்டிஃப்', நடவடிக்கைன்னா 'ஸ்ட்ராங்', தண்டனைன்னா 'சிவியர்'. ஹார்ட் ஃபீவர்னு சொன்னா புரியும், ஆனா கேக்குறவங்க ஒரு நொடி தயங்குவாங்க. ஜே. ஆர். ஃபர்த்ங்கிற மொழியியல் அறிஞர் 1957ல சொன்னது ரொம்பப் பேர் எடுத்துக்காட்டுற வரி, ஒரு வார்த்தையை அது கூட சேந்து இருக்க வார்த்தைகளை வச்சுத் தெரிஞ்சுக்கலாம்னு. அதனால புது வார்த்தை படிக்கும்போது ஒத்தையா எழுதாதீங்க, பக்கத்து வார்த்தையோட சேத்து எழுதுங்க. நோட்ல 'ஹெவி, கனமான'ன்னு எழுதுறதை விட ஹெவி ரெயின், ஹெவி ட்ராஃபிக், ஹெவி ஸ்மோக்கர்னு மூணு எழுதுனா அது நெனவுல நிக்கும்.

இதுக்கு எந்த டிக்‌ஷனரி பாக்குறதுன்னு கேப்பீங்க. தெசாரஸ்னு ஒண்ணு இருக்கு, ரோஜேங்கிற ஒரு டாக்டர் 1852ல போட்டது ரொம்பப் பேரு வாங்குனது, அதுல ஒரே மாதிரி வார்த்தைகளை கூட்டமா சேத்து வச்சிருப்பாங்க, ஆனா என்ன வித்தியாசம்னு சொல்லாது. வார்த்தை தெரியும், நாக்கு நுனியில இருக்கு, வரமாட்டேங்குதுங்கிறவங்களுக்குத்தான் அது, கத்துக்கிறவங்க அதுலேர்ந்து வார்த்தையை எடுத்துப் போட்டா பல சமயம் இடறும். நமக்கு வேண்டியது லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த ஹார்ன்பிங்கிறவர், தன்னோட மாணவங்க எங்க தடுமாறுறாங்கன்னு கூடவே இருந்து பாத்து, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே ஒரு டிக்‌ஷனரி பண்ணார், 1942ல டோக்கியோல வந்துச்சு, 1948ல ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது. இன்னைக்கு இந்த வகை டிக்‌ஷனரி எல்லாம் நெட்லயே இலவசமா கிடைக்குது. அதுல அர்த்தத்தைப் படிச்சதும் மூடிடாதீங்க, கீழ இருக்க எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிங்க, அது ஃபார்மலா இன்ஃபார்மலான்னு போட்டிருக்கும், திட்டுற வார்த்தைன்னா அதையும் சொல்லும், ஒரே மாதிரி வார்த்தைகளோட வித்தியாசத்தை தனியா கட்டம் கட்டியே பல இடத்துல குடுத்திருப்பாங்க. அப்புறம் உங்க வாக்கியத்துல ஒரு வார்த்தையை எடுத்துட்டு அதோட ஜோடியை வச்சுப் பாருங்க, என்ன மாறுதுன்னு சத்தமா படிச்சுப் பாருங்க.

போன வாரம் அக்கா பொண்ணு, ஆறாவது படிக்கிறா, "மாமா, ஸ்மாலுக்கும் லிட்டிலுக்கும் என்ன வித்தியாசம், மிஸ் ரெண்டும் சின்னதுதான்னு சொல்லிட்டாங்க"ன்னு கேட்டா. நான் அவகிட்ட வாசல்ல படுத்திருந்த பூனைக்குட்டியைக் காட்டி, இதை நீ எப்படி கூப்பிடுவன்னு கேட்டேன். பூனைக்குட்டின்னா. நேத்து மழையில நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வந்துச்சே, அப்ப நீ என்ன சொன்னன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா, "ஐயோ பாவம், குட்டிச் செல்லம்னு சொன்னேன்". அந்த குட்டிதான் லிட்டில், "புவர் லிட்டில் திங்"னு சொல்லுவாங்க, அங்க ஸ்மால் வராது, ஸ்மால்ங்கிறது அளவு மட்டும், சட்டை சைஸ் மாதிரின்னேன். அவ நோட்டை எடுத்து, நடுவுல கோடு போடாம, ஸ்மால் ஷர்ட்னு ஒரு வரி எழுதுனா, அதுக்குக் கீழ லிட்டில் கிட்டன்னு எழுதி பக்கத்துல ஒரு பூனை வரைஞ்சா.